பிள்ளைகள் ரப்பரா? நெஞ்சு ஆபரேஷனும் நாலாம் நாள் ஓட்டமும்

பீனிக்ஸ் வாசகர் | பிப்ரவரி 8

தங்கை மகனுக்கு மூன்று வயது. இதயத்தில் ஓட்டை. அடுத்த மாதம் ஆபரேஷன். தங்கை சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. நான் அவளிடம் சொல்வது இதுதான்: பிள்ளைகள் ரப்பர் மாதிரி. நெஞ்சைத் திறந்து மூடினாலும் நாலாம் நாள் ஓடும். ஒன்றும் ஞாபகம் இருக்காது. உலகத்தின் முதல் இதய ஆபரேஷனே நம் தென்னாப்பிரிக்காவில்தான் நடந்தது, பிறகு என்ன பயம்? அனுபவப்பட்டவர்கள் வந்து சொன்னால் அவள் நம்புவாள்.

சாட்ஸ்வொர்த் அம்மா | பிப்ரவரி 8, இரவு

ஓடுவார்கள் என்பது உண்மை. ரப்பர் என்பதை மட்டும் தங்கையிடம் சொல்லாதீர்கள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு உங்களைச் சும்மா விடமாட்டாள்.

என் மகளுக்கு நாலு வயது நெருங்கும்போது இங்கே டர்பனில் அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. ஃபாலோ டெட்ராலஜி. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல், மகாதமனி இடம் தள்ளி அந்த ஓட்டைக்கு மேலேயே உட்கார்ந்திருப்பது, வலது கீழறைச் சுவர் தடித்துப்போவது, நாலும் சேர்ந்த கோளாறு. கொஞ்சம் ஓடினால் உதடு நீலமாகிவிடும். உடனே குந்தி உட்காருவாள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மா அதை விளையாட்டு என்று நினைத்துத் தானும் எதிரில் குந்திச் சிரிப்பாள். உண்மையில் குந்தும்போது காலில் உள்ள ரத்தக்குழாய்கள் மடங்கி உடம்புப் பக்கம் எதிர்ப்பு கூடுகிறது, அதனால் நுரையீரல் பக்கம் ரத்தம் கொஞ்சம் அதிகமாகப் போகிறது. யாரும் சொல்லித்தராமல் அவளே கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம்.

இப்போது கிரேடு 5. வாய் ஓயாது. மீதி நாளைக்கு.

பிப்ரவரி 9

முதலில் அந்த "முதல் இதய ஆபரேஷன்" விஷயத்தை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

கேப் டவுன் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் 1967 டிசம்பர் 3 அன்று கிறிஸ்டியான் பர்னார்ட் செய்தது, மனிதரிடமிருந்து மனிதருக்கு முதல் இதய மாற்று. இதய ஆபரேஷன் அதற்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது. அந்த ஆரம்பகால ஆபரேஷன்கள் பலவும் பிள்ளைகளுக்குத்தான் நடந்தன. 1938இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் ஏழு வயதுச் சிறுமிக்கு, பிறந்ததும் மூடவேண்டிய ரத்தக்குழாய் மூடாமல் இருந்ததைக் கட்டினார். 1944இல் பால்டிமோரில் பிளாலக், டாசிக், விவியன் தாமஸ் மூவரும் என் மகளுக்கு இருந்த அதே கோளாறுள்ள நீலக் குழந்தைக்கு, நுரையீரலுக்கு ரத்தம் போக மாற்றுவழி ஒன்று போட்டுக்கொடுத்தார்கள். 1954இல் மினியாபொலிசில் லில்லிஹை, பெற்றவரின் ரத்த ஓட்டத்தோடு குழந்தையின் ரத்த ஓட்டத்தைக் குழாயால் இணைத்து, இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் இயந்திரத்துக்குப் பதிலாக அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் படுக்கவைத்து, குழந்தையின் இதயத்தைத் திறந்தார். ஃபாலோவுக்கு முழு ஆபரேஷன் முதலில் நடந்ததும் அந்த வருடம் அங்கேதான். பர்னார்ட் பயிற்சி எடுத்ததும் அதே ஊரில். 1958இல் கேப் டவுன் திரும்பியபோது இதய நுரையீரல் இயந்திரத்தோடு வந்தார்.

அவர் செய்த இன்னொரு வேலையைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. குடல் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைகள் அப்போது பிழைப்பது அரிது. கருவில் இருக்கும்போதே அந்தத் துண்டுக்கு ரத்தம் நின்றுபோவதால்தான் அப்படி ஆகிறது என்று 1950களில் நாய்க்கருவில் சோதித்துக் காட்டினார். ரத்தம் சரியாகப் போகாத நுனிகளையும் சேர்த்து வெட்டி இணைக்க ஆரம்பித்த பிறகு நிறைய குழந்தைகள் பிழைத்தார்கள். எனக்குக் கேட்டால் அந்த வேலைதான் பெரிது. பேப்பரில் போட்டோ வரவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 9, மதியம்

விட்டுப்போனது: 1967 டிசம்பர் 6, அதாவது பர்னார்டுக்கு மூன்றே நாள் கழித்து, நியூயார்க் புரூக்ளினில் ஒரு பச்சைக் குழந்தைக்கு இதய மாற்று செய்தார்கள். சில மணி நேரமே உயிரோடு இருந்தது. பிள்ளை உடம்பு எதையும் தாங்கும் என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 11

சரி, தங்கைக்கு. நாங்கள் பார்த்தது.

ஐசியூவில் முதலில் பார்க்கும்போது உங்கள் பிள்ளை எது, குழாய் எது என்று தெரியாது. மூச்சுக்குழாய், கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று, நெஞ்சுக்குக் கீழே வடிகுழாய், வயிற்றிலிருந்து வெளியே வரும் மெல்லிய பேஸ்மேக்கர் கம்பி, சிறுநீர்க் குழாய். முகம் வீங்கியிருக்கும். இதைப் பற்றி முன்கூட்டியே யாராவது தங்கையிடம் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு சிஸ்டர் முந்தின நாள் பொம்மையில் எல்லாவற்றையும் ஒட்டிக் காட்டினார். அதனால்தான் நான் கீழே விழவில்லை.

மூச்சுக்குழாய் எடுத்ததும் கம்மிய குரலில் கேட்ட முதல் வார்த்தை "தண்ணி". அங்கேதான் கஷ்டமே. இதயத்துக்குச் சுமை கூடாது என்று தண்ணீர் அளந்து கொடுப்பார்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தண்ணீரை நான் ஒளித்துவைத்திருக்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டாள். பக்கத்துப் படுக்கைப் பையனோடு இருந்த ஜூலு கோகோ (பாட்டி) என் மகளுக்கும் சேர்த்து "துலா, துலா" (அமைதி, அமைதி) என்று பாடிக்கொண்டே உதட்டில் ஈரப் பஞ்சு வைப்பார். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது அரைகுறை இங்கிலீஷ்தான். போதுமானதாக இருந்தது.

வார்டுக்கு வந்த மறுநாளே நடக்கவைத்தார்கள். டிரிப் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நாலடி, பிறகு எட்டடி. அதற்கு அடுத்த நாள் அந்த ஸ்டாண்டின் மேலேயே ஏறி நின்று தள்ளச் சொன்னாள். நடக்கவைப்பது சும்மா உற்சாகத்துக்கு இல்லை. படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கிச் சளி தேங்கி நிமோனியா வரும். அதற்காகத்தான் ஸ்ட்ராவால் தண்ணீரில் குமிழி ஊதவைப்பதும். இருமும்போது ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடிக்கச் சொல்லுங்கள், வலி குறையும்.

அவள் வாழ்க்கையிலேயே பெரிய அழுகை எதற்குத் தெரியுமா? நெஞ்சில் அத்தனை பெரிய வெட்டுக்கு அழாத அழுகை, கையில் இருந்த பிளாஸ்டரைப் பிய்க்கும்போது. மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. எண்ணெய் தொட்டு மெதுவாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பிப்ரவரி 11, அப்புறம்

வீட்டுக்கு வந்தபிறகு பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருப்பார்கள், அது ஒட்ட சுமார் ஆறு வாரம் ஆகும். ஒரு கை கழுத்துக்கும் முதுகுக்கும் கீழே, ஒரு கை பின்பக்கம், அப்படியே அள்ளி எடுக்க வேண்டும். வருகிற சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. கடைசியில் வீட்டுக்காரர் வாசல் கதவில் எழுதியே ஒட்டினார். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை நாலைந்து வாங்குங்கள். தலைவழியாக மாட்டும் பனியன் எதுவும் உதவாது.

பிப்ரவரி 16

டொங்காட்டிலிருந்து ஒரு அண்ணா கேட்டிருக்கிறார்: அப்படியென்றால் பிள்ளைகள் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள், ரப்பர் என்றால் மட்டும் ஏன் கோபம்?

தேறுகிறார்கள் அண்ணா, காரணமும் இருக்கிறது. எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அதைச் சுற்றிய சவ்வு தடிப்பு, சீக்கிரம் ஒட்டும். இதயத்தைத் தவிர மற்ற உறுப்பெல்லாம் பெரும்பாலும் புதுசு. நாற்பது வருடச் சிகரெட், சர்க்கரை, கொழுப்பு அடைத்த குழாய் எதுவும் கிடையாது. என் மாமனாருக்கு பைபாஸ் செய்தபோது அவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வரவே ஒரு யுகம் ஆனது. படுத்துக்கொண்டே வேலை போய்விடுமா, வீட்டுக்கடன் என்னாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மகளுக்குப் பக்கத்துப் பையனின் பலூனை எப்படி வாங்குவது என்ற கவலை மட்டும்தான்.

ஆனால் அதே உடம்பில் ரத்தம் எவ்வளவு தெரியுமா? கிலோவுக்குச் சுமார் 80 மில்லி. 12 கிலோ பிள்ளைக்கு மொத்தமே ஒரு லிட்டருக்குக் கீழே. பெரியவர்களிடம் கணக்கிலேயே வராத கசிவு இவர்களுக்குப் பெரிய இழப்பு. அதனால்தான் ரத்தப் பரிசோதனைக்கு எடுக்கும் ஒவ்வொரு மில்லியையும் குறித்துவைப்பார்கள்.

கோபத்துக்குக் காரணம் வேறு. அது நீளமாகும், தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 17

"பிள்ளைகள் தாங்குவார்கள், மறந்துவிடுவார்கள்" என்ற பேச்சு வெறும் ஆறுதல் பேச்சாக நின்றதில்லை. 1980கள் வரை பல நாடுகளில் பச்சிளம் குழந்தைகளுக்குப் பெரிய ஆபரேஷன்கூட தசையைத் தளர்த்தும் மருந்தும் லேசான மயக்கமும் மட்டும் கொடுத்துச் செய்தார்கள். வலி மருந்து மிகக் கொஞ்சம், சில சமயம் இல்லவே இல்லை. நரம்பு முற்றவில்லை, வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்பது அன்றைய படிப்பு. பலமான மருந்து குழந்தைக்கு ஆபத்து என்ற பயமும் இருந்தது, அதை நான் குறைசொல்லவில்லை. தளர்த்தும் மருந்து கொடுத்த குழந்தை அசையாது, அழாது. பார்ப்பவர்களுக்கு அமைதியாகத்தான் தெரியும்.

கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவர் ஆக்ஸ்போர்டில் இருந்தபோது, குறைமாதக் குழந்தைகளுக்கு மேலே சொன்ன, கிராஸ் செய்த அதே ரத்தக்குழாய் கட்டும் ஆபரேஷனில் ஒரு பகுதியினருக்கு ஃபெண்டனில் என்ற வலி மருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். மருந்து பெற்ற குழந்தைகளுக்கு உடம்பின் அதிர்ச்சி ஹார்மோன்கள் குறைவு, ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைவு. 1987இல் வெளிவந்தது. அதற்குப் பிறகுதான் நிலைமை வேகமாக மாறியது. நான் பிறந்த காலம் அண்ணா இது. பழைய கதை இல்லை.

அதனால்தான் யாராவது என் மகளைப் பார்த்து "பாரு, ஒன்றுமே ஆகாத மாதிரி இருக்கிறாள்" என்றால் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

பிப்ரவரி 17, இரவு

மேலே இருப்பது கடுமையாக வந்துவிட்டது போல. நீக்கவில்லை. தங்கை பயப்பட வேண்டாம், இன்று பல வார்டுகளில் வலியை அளக்கத் தனி அட்டை உண்டு. பேசத் தெரிந்த பிள்ளைக்குச் சிரிப்பிலிருந்து அழுகை வரை முகப் படம் காட்டுவார்கள். சின்னப் பிள்ளைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தூக்கினால் சமாதானம் ஆகிறதா என்று ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள்.

அந்த அட்டை பிடிக்காததையும் ஒரு கண் பிடிக்கும். என் மகள் விளையாட்டு மூலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை. ராத்திரி டியூட்டிக்கு வந்த மூத்த சிஸ்டர் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "இவள் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை, மூச்சைப் பாதியில் வெட்டுகிறாள், வலது தோளைத் தூக்கவே இல்லை" என்றார். மருந்துக்கு நேரம் தாண்டியிருந்தது. கொடுத்த அரைமணியில் அதே மூலையில் அதே காரை இரண்டு கையாலும் ஓட்டி, வாயால் ஹார்னும் அடித்தாள். பிள்ளை விளையாடுவது வலி இல்லாததால் மட்டும் இல்லை. வலியோடும் விளையாடும். வலிக்கிறதா என்று கேட்டால் ஊசி வருமோ என்று "இல்லை" என்றும் சொல்லும்.

பிப்ரவரி 20

வெருலத்திலிருந்து எழுதிய அக்கா, வீட்டில் மிச்சம் இருக்கும், கோடீன் என்ற வலி மருந்து கலந்த சிரப்பைக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கொடுக்காதீர்கள். சில உடம்புகள் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், மூச்சு மந்தமாகும். 12 வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இல் சொல்லிவிட்டது. வார்டில் எழுதிக்கொடுத்ததை நேரம் தவறாமல் கொடுங்கள். வலி வந்தபிறகு கொடுப்பதைவிட வருவதற்குள் கொடுப்பது மேல்.

பிப்ரவரி 23

ஞாபகம் இருக்காது என்ற பேச்சுக்கு வருகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பது திரும்ப வந்தது. நான் கழிப்பறைக்குப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். எல்லாப் பொம்மைக்கும் நடு நெஞ்சில் சிவப்பு கிரேயானால் கோடு. ஆயாவின், அதாவது அவள் பாட்டியின், வெள்ளைப் புடவைக்காரப் பொம்மைக்குக்கூட. ஆயா அபசகுனம் என்று பிடுங்கப் போனார், நான் விடவில்லை. வார்டில் இருந்த விளையாட்டு டீச்சர் சொல்லியிருந்தார், அப்படி ஆடித்தான் பிள்ளைகள் அதை வெளியே கொட்டும், தடுக்காதீர்கள் என்று. கொஞ்சநாளில் கோடு நின்றது, படுக்கையும் காய்ந்தது.

நின்றுவிட்டது என்று நினைத்தோம். 2020இல் கொரோனா வந்து கடை வாசலில் எல்லாம் சானிடைசர் வைத்தார்களே, முதல் தடவை அந்த வாசனை வந்ததும் என் காலைக் கட்டிக்கொண்டு அலறினாள். கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி பற்றிக் கேட்டால் பலூன் கதை மட்டும்தான் சொல்வாள். மைக்ரோவேவ் கூவினாலும் ரொம்ப நாள் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள், மானிட்டர் சத்தம் போல இருக்கிறதாம்.

பிப்ரவரி 24

இன்னொன்று. பெரிய ஆபரேஷனுக்கு முந்தின வருடம் ஒரு பரிசோதனைக்காக வேறொரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பெயர் வேண்டாம். மணி அடித்ததும் பார்வையாளர் வெளியே, பெற்றவளாக இருந்தாலும். "நீங்கள் போனால் தானாக அடங்கிவிடும்" என்றார்கள். அடங்கித்தான் இருந்தாள். மறுநாள் போனபோது என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை என்று பாராட்டும் கிடைத்தது.

ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1950களின் ஆரம்பத்தில் லண்டனில் இதையேதான் படம்பிடித்துக் காட்டினார்: தனியாக விடப்பட்ட இரண்டு வயதுப் பிள்ளை, அழுது, அடங்கி, பிறகு ஒதுங்கிப்போவது. 1959இல் பிரிட்டனில், மருத்துவமனையில் பிள்ளைகள் நலனை ஆராய்ந்த பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சின்னப் பிள்ளையோடு அம்மா தங்கலாம் என்று பரிந்துரை செய்தது. இத்தனை வருடம் கழித்தும் மணி அடிக்கிறார்கள். தங்கைக்கு நான் சொல்வது: பக்கத்தில் தங்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் மறுபடி கேளுங்கள். நாற்காலி கிடைத்தால் போதும்.

மார்ச் 1

நேர்த்திக்கடன் பற்றிக் கேட்டு நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆமாம், உண்டு. ஆயா தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார், என் வீட்டுக்காரர் காவடி எடுத்தார். மாமனார் புனித வெள்ளியன்று டர்பன் உம்பிலோ கோயிலில் தீ மிதிக்கிறேன் என்று கிளம்பினார். பைபாஸ் ஆன மனுஷன். டாக்டரைக் கேளுங்கள் என்றேன். "டாக்டரைக் கேட்டால் வேண்டாம் என்பார், அதனால் கேட்கமாட்டேன்" என்றார். ஆயாதான் தடுத்தார்.

புகழ் யாருக்கு என்பதில் எங்கள் வீட்டில் தகராறே கிடையாது. ஆயாவுக்கு முருகன். வீட்டுக்காரருக்கு சர்ஜன். என்னைக் கேட்டால் அந்த ராத்திரி டியூட்டி சிஸ்டர்.

மார்ச் 19

பீனிக்ஸ் வாசகர் எழுதியிருக்கிறார், ஆபரேஷன் முடிந்தது, பையன் எழுந்து உட்கார்ந்து சிப்ஸ் கேட்கிறானாம். நல்ல சேதி.

கவனிக்க வேண்டியது ஒன்று. வீட்டுக்கு வந்து நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளை சில வாரத்துக்குள் திடீரென்று காய்ச்சல், சோர்வு, சாப்பாடு வேண்டாம், நெஞ்சு வலி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மாறினால் சாதாரணச் சளி என்று விடாதீர்கள். இதயத்தைச் சுற்றிய பையில் நீர் கோர்த்திருக்கலாம். மருந்துண்டு, ஆனால் உடனே காட்ட வேண்டும். அதே போல் தையல் இடத்தில் சிவப்பு, சீழ், கையை வைத்தால் எலும்பு கடகடப்பது. ஓடுகிறானே என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மார்ச் 20

தங்கை எப்படி இருக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? பையன் தேறிவிடுவான். என்னைப் பொறுத்தவரை, மகள் ஸ்கூலுக்குப் போய் ரொம்ப காலம் கழித்தும் ராத்திரி எழுந்து அவள் உதட்டை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே, "அம்மா, கண் கூசுது, நான் பிங்க்காத்தான் இருக்கேன், போய்ப் படு" என்றாள். தங்கைக்கு ஒரு வேளைச் சாப்பாடு செய்து எடுத்துக்கொண்டு போங்கள். அவள் அழுதால் ரப்பர் பேச்சு பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

மார்ச் 27

டொங்காட் அண்ணாவுக்கு, ஆபரேஷன் ஆனால் அதோடு முடிந்ததா என்ற கேள்விக்கு: ஓட்டை மட்டும் என்றால் பெரும்பாலும் அடைத்தபிறகு தொல்லை இல்லை, ஆனாலும் பரிசோதனை உண்டு. ஃபாலோவுக்கு அப்படி இல்லை. நுரையீரல் வால்வு கசியும், வருடங்கள் போனபிறகு அதை மாற்ற வேண்டிவரலாம். ஆயுளுக்கும் இதய மருத்துவர். மகளுக்கு இது தெரியும். பெரியவள் ஆனால் "எனக்குப் புது ஸ்பேர் பார்ட்" வரும் என்று கிளாஸில் எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறாள்.

தழும்பை மறைக்கும் உடுப்பு வாங்கவா என்று கேட்டேன். சுறா கடித்தது என்று ஸ்கூலில் சொல்லிவைத்திருக்கிறாளாம், கெடுத்துவிடாதே என்றாள். டர்பன் பிள்ளை, நம்பவும் செய்திருக்கிறார்கள்.

மார்ச் 28

வெருலம் அக்காவுக்கு அவசரமாக: பல் பிடுங்கப் போவதற்கு முன் பல் டாக்டரிடம் இதய ஆபரேஷன் விவரத்தைக் காகிதத்தோடு சொல்லுங்கள். ஈறிலிருந்து கிருமி ரத்தத்தில் போய் இதயத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து சிலருக்கு உண்டு, அவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். உங்கள் பிள்ளைக்குத் தேவையா என்பதை இதய மருத்துவர்தான் சொல்வார், போன் போட்டுக் கேளுங்கள். டிராம்போலின் ஆறு வாரம் முடியும்வரை வேண்டாம், அதற்குப் பிறகும் செக்கப்பில் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.